பெருங்கூட்டமும் சிறு குழுவும்

முன்னுரை

மனிதன் கூடி வாழும் இயல்பினன் என்பதை யாவரும் அறிவர். ஆனால் எத்தனை பேரோடு கூடியிருக்கும்போது அவன் மனம் கூச்சமின்றி இருக்கிறது என்று கேட்டால் உடனே விடை சொல்ல இயலாது. 'நாலு பேர் இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும்' என்பார் ஒருவர். 'கூட்டம் சேர்ந்தால்தான் எனக்கு உற்சாகம்' என்பார் மற்றொருவர். இருவரும் தத்தம் இயல்பைச் சொல்கிறார்களே தவிர, அதற்குரிய காரணத்தைச் சொல்வதில்லை. அக்காரணத்தை ஓரளவேனும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குத் திருத்தணி மிகத் தக்க ஊர் எனலாம். ஆடிக் கிருத்திகையன்று இங்கே இலட்சக்கணக்கான மக்கள் திரள்கின்றனர். மலைப்பாதை முழுவதும் மலர்க் காவடிகளாகக் காட்சி தருகிறது. அந்த நெரிசலில், முன்பின் அறியாதவரோடு தோள் உரச நின்று 'அரோகரா' என்று வாய்விட்டு முழங்கும் இளைஞர் பலரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுள் சிலர் என் வகுப்புத் தோழர்கள். அவர்களே அடுத்த வாரம் அறுபது பேர் கொண்ட வகுப்பில் கட்டுரை படிக்க எழுந்தால் குரல் கம்மிவிடுகிறது. கையிலுள்ள தாள் நடுங்குகிறது. வகுப்பு முடிந்து டீக்கடை பெஞ்சில் நால்வராக அமர்ந்ததும், அதே கட்டுரையின் பொருளை அழகாக விளக்குகின்றனர்.

இலட்சம் பேர் நடுவே கூசாதவர், நால்வர் நடுவேயும் கூசாதவர், அறுபது பேர் நடுவில் மட்டும் கூசுவது ஏன்? ஆள் பெருகப் பெருகக் கூச்சமும் பெருகும் என்று சொல்லிவிட்டால் இவ்வினாவிற்கு விடை கிடைத்ததாகாது. ஆகவே சற்று ஆழ்ந்து நோக்குவோம்.

எண்ணிக்கை செய்யும் மாற்றம்

ஜெர்மன் நாட்டுச் சமூகவியல் அறிஞர் கியார்க் சிம்மல், 1908-இல் வெளியிட்ட தம் பெருநூலில், ஒரு கூட்டின் தன்மையை அதன் எண்ணிக்கையே பெரிதும் மாற்றிவிடுகிறது என்று காட்டினார். இருவர் மட்டும் உள்ள நட்பில் ஒருவர் விலகினால் நட்பே இல்லையாகிவிடும். ஆதலால் அங்கே பொறுப்பைப் பிறர் தலையில் சுமத்த வழியில்லை. மூன்றாமவர் வந்து சேர்ந்ததும் நிலைமை மாறுகிறது. இருவர் பிணக்கைத் தீர்த்து வைப்பவர் தோன்றலாம். அப்பிணக்கில் ஆதாயம் தேடுபவரும் தோன்றலாம். இருவரையும் பிரித்து ஆள்பவரும் தோன்றலாம். ஒரே ஓர் ஆள் கூடியதால் விளையும் மாற்றம் இது.

இதனைக் கணக்கிட்டும் பார்க்கலாம். இருவர் இருந்தால் அவர்களிடையே உறவு ஒன்று. மூவரிடையே உறவுகள் மூன்று. நால்வரிடையே 6. பத்துப் பேரிடையே 45. அறுபது பேர் கொண்ட வகுப்பிலோ 1770. ஒருவர் தம்மைச் சார்ந்த 59 உறவுகளை மட்டுமின்றி, யாருக்கு யாரோடு பேச்சில்லை, யார் சொன்னால் யார் சிரிப்பார் என்பதையும் உணர்ந்தால்தான் அச்சமின்றிப் பேச முடியும். நால்வரிடையே இதை எளிதில் உணரலாம். அறுபது பேரிடையே உணர்தல் அரிது.

இங்கிலாந்து நாட்டு அறிஞர் ராபின் டன்பார், ஒரு மனிதன் நிலையான உறவோடு அறிந்து வைத்திருக்கக்கூடியவர்கள் ஏறக்குறைய 150 பேர் என்ற கருத்தை 1992-இல் வெளியிட்டார். அவரும் அவருடைய துணைவரும் இயல்பாக நிகழும் உரையாடல்களைக் கவனித்து 1995-இல் மற்றோர் உண்மையையும் கூறினர். ஒரே பேச்சில் நால்வர் வரை நிலைத்திருப்பர். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும் என்பதே அது. நம்மூர்ப் பஸ் நிறுத்தத்தில் இதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். ஐந்தாமவர் வந்து நின்ற சிறிது நேரத்தில், இருவர் ஒரு பக்கமும் மூவர் ஒரு பக்கமுமாகப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். யாரும் அவ்வாறு திட்டமிடுவதில்லை.

படித் திருவிழா கற்பிப்பது

இனி நம் ஊரின் பெருங்கூட்டத்தைப் பார்ப்போம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-ஆம் நாள் தணிகை மலையில் திருப்படித் திருவிழா நடைபெறுகிறது. ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகளுக்கும் மஞ்சள் குங்குமமிட்டு, கற்பூரம் ஏற்றி, படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுவது முறை. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917-இல் இதனைத் தொடங்கி வைத்தார். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்கார அதிகாரிகளின் வாயிலில் வாழ்த்துச் சொல்லக் காத்திருந்தவர்களை முருகன் சந்நிதிக்குத் திருப்புவதே அவர் கருத்து என்று கூறுவர்.

தொலைவில் நின்று பார்ப்பவர்க்கு அது ஒரே கூட்டம். அருகில் சென்று பார்த்தால் அது பஜனைக் குழுக்களின் தொகுதி. ஒவ்வொரு குழுவிற்கும் ஓர் ஊர் உண்டு. முதலடி எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் உண்டு. தாளம் போடுபவர் ஒருவர் உண்டு. மூதாட்டி ஒருவர் மூச்சு வாங்கிப் படியில் அமர்ந்துவிட்டால் அவர் குழு அங்கேயே நின்று அடுத்த பாட்டைப் பாடுகிறது. 'பெரியம்மா, மெதுவா வாங்க' என்று கை கொடுக்க ஆள் இருக்கிறது. பெருங்கூட்டத்தின் நடுவே அவ்வம்மையாருக்கு அச்சமில்லை. ஏனெனில் அவர் அக்கூட்டத்திற்குத் தனியாக வரவில்லை. பத்துப் பேரில் ஒருவராக வந்து, ஆயிரம் பேரில் ஒருவராக நிற்கிறார். இவ்வமைப்பே இக்கட்டுரைக்கு அடிப்படை.

பெருங்கூட்டத்தில் கிடைக்கும் ஆறுதல்

பெருங்கூட்டம் என்றாலே அறிவிழந்த கும்பல் என்னும் எண்ணம் மேனாட்டில் வலுப்பெற்றதற்குக் குஸ்தாவ் லெ போன் என்ற பிரெஞ்சு ஆசிரியர் ஒரு காரணமாவார். 1895-இல் வெளிவந்த அவருடைய நூல், கூட்டத்தில் கலந்தவன் தன் பகுத்தறிவை இழந்து உணர்ச்சிக்கு அடிமையாகிறான் என்று வாதிட்டது. சில கலவரங்களுக்கு இது பொருந்தலாம். ஆடிக் கிருத்திகைக்குப் பொருந்துமா?

எலியாஸ் கனெட்டி 1960-இல் எழுதிய நூலில் வேறொரு கோணத்தைக் காட்டினார். அறியாதவர் தம்மைத் தொடுவதை மனிதன் இயல்பாகவே அஞ்சுகிறான். நெருக்கமான கூட்டத்தில்தான் அவ்வச்சம் நீங்குகிறது என்றார் அவர். பஸ்ஸில் ஒருவர் தோள் இடித்தால் முகம் சுளிப்பவரே, திருவிழா வரிசையில் நூறு தோள்கள் இடித்தாலும் முகம் சுளிப்பதில்லை என்பதை நாமும் காண்கிறோம்.

இந்திய ஆராய்ச்சியாளரும் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து அலகாபாத்தில் (இன்றைய பிரயாக்ராஜில்) நடைபெறும் மாக மேளாவில் செய்த ஆய்வு ஈண்டுக் கருதத்தக்கது. அங்கே ஒரு மாதம் நோன்பிருந்து தங்கும் பக்தர்கள் கடுங்குளிரையும் ஓயாத ஒலிபெருக்கி இரைச்சலையும் பொறுத்துக்கொள்கின்றனர். மேளாவிற்கு முன்னும், அது முடிந்து ஒரு மாதம் கழித்தும் அவர்களுடைய உடல்நலத்தையும் மனநலத்தையும் விசாரித்து, ஊரிலேயே இருந்தவர்களோடு ஒப்பிட்டனர். மேளாவிற்குச் சென்றவர்களே நலம் கூடியிருப்பதாகத் தெரிவித்தனர். இம்முடிவு 2012-இல் வெளியாயிற்று. 2013-இல் வந்த மற்றோர் ஆய்வில், தெளிவில்லாத ஓர் இரைச்சலை ஒலிக்கச் செய்து, அது மேளாவில் பதிவானது என்று சொன்னபோது மக்கள் அதை இனிதாகக் கேட்டனர். நகரத் தெருவில் பதிவானது என்று சொன்னபோது வெறுத்தனர்.

இதிலிருந்து ஒன்று புலனாகிறது. கூட்டம் பெரியதா சிறியதா என்பது மட்டும் மனநிம்மதியைத் தீர்மானிப்பதில்லை. 'இது நம் கூட்டம். நாம் அனைவரும் ஒன்றையே நாடி வந்திருக்கிறோம்' என்ற எண்ணம் இருந்தால் நெரிசலும் ஆறுதலாகிறது. அவ்வெண்ணம் இல்லையேல் பத்துப் பேரும் பாரமாகின்றனர்.

இடைப்பட்ட கூட்டமே இடர்ப்பாடு

முதலில் எழுப்பிய வினாவிற்கு இப்போது விடை காணலாம். இலட்சம் பேர் நடுவே என்னை யாரும் தனியே நோக்குவதில்லை. நால்வர் நடுவே எல்லோரும் என்னை நோக்குகின்றனர். ஆனால் அவர்கள் என்னை அறிந்தவர்கள். நான் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னாலும், நான் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். அறுபது பேர் கொண்ட வகுப்பிலோ எல்லோரும் என்னை நோக்குகின்றனர். பெரும்பாலோர் என்னை அறியார். அந்த ஐந்து நிமிடப் பேச்சே என்னைப் பற்றி அவர்கள் அறியும் முழுச் செய்தியாகிவிடுகிறது. கண்கள் பல, பழக்கம் சில என்னும் இந்த இடைநிலையில்தான் நாக்குழறுகிறது. திருமண வீட்டிலும், விடுதியின் முதல் நாளிலும், நேர்முகத் தேர்வு அறையின் வெளியிலும் நாம் படும் சங்கடம் இவ்வகையைச் சேர்ந்ததே.

வள்ளுவர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர். அவையறிதல், அவையஞ்சாமை என 72, 73-ஆம் அதிகாரங்களை அவைக்கென ஒதுக்கினார். நட்பிற்கு 79-ஆம் அதிகாரம் முதலாகத் தனியே இடம் தந்தார். நண்பரோடு பழகுதல் வேறு, அவையில் நிற்றல் வேறு என்பது இதனால் விளங்கும். மேலும், அவைக்கு அஞ்சாமையை அவர் பிறவிக் குணமாகக் கூறாமல் கல்வியோடு இணைத்தே கூறுகிறார். பயின்று பெறத்தக்க ஒன்று அது என்பதே நமக்கு ஊக்கம் தரும் செய்தி.

அமெரிக்க உளவியலார் சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்ட சோதனையும் இங்கே நினைவுகூரத்தக்கது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய வினா. முன்னேற்பாடாக அமர்த்தப்பட்டவர்கள் ஒரே குரலில் தவறான விடை கூற, உண்மையான மாணவர் ஒருவர் கடைசியில் விடை கூறவேண்டும். அத்தகைய முறைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தின் தவறையே பின்பற்றின. எதிர்ப்பவர் மூவரானபோதே இந்நெருக்கடி முழு வலிமை பெற்றது. அதற்கு மேல் ஆள் கூட்டியும் பெரிதாக மாறவில்லை. ஆனால் உண்மை கூறும் துணைவர் ஒரே ஒருவர் உடனிருந்தால் பின்பற்றுதல் பெரிதும் குறைந்துவிட்டது! கூச்சமுள்ள மாணவருக்குத் தேவை கூட்டமே இல்லாத உலகமன்று; கூட்டத்தில் ஒரு துணை என்பதை இச்சோதனை காட்டுகிறது.

பெருங்கூட்டத்தின் குறை

பெருங்கூட்டத்திற்குக் குறைகளும் உண்டு. பிரான்சு நாட்டு வேளாண் பொறியியலார் ரிங்கல்மன் கயிறு இழுக்கும் சோதனைகளைச் செய்து 1913-இல் முடிவை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் செலுத்திய விசை, தனித்து இழுத்ததில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இழுப்பு ஒருங்கிணையாமை ஒரு காரணம். 'நான் தளர்த்தினால் யாருக்குத் தெரியும்?' என்ற எண்ணம் மற்றொரு காரணம். 1979-இல் லட்டானே முதலிய மூவர் கைதட்டலையும் கூச்சலையும் அளந்து பார்த்தபோதும், கூட்டத்தில் ஒவ்வொருவர் குரலும் தாழ்ந்தே இருந்தது. தேர் வடம் பிடிக்கும் கைகளில் எத்தனை கை இழுக்கிறது, எத்தனை கை வெறுமனே தொடுகிறது என்பதை முருகனே அறிவான்.

வடத்தில் ஒருவர் கை தளர்ந்தால் தேர் நின்றுவிடாது. ஒருவர் வாழ்க்கை தளரும்போதும் கூட்டம் கவனியாமல் போவதே துயரம். நான் மேல்நிலை வகுப்பில் பயின்ற காலத்தில் எங்கள் பிரிவில் அறுபதுக்கும் மேற்பட்டோர். காலாண்டுத் தேர்விற்குப் பின் ஒரு மாணவர் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் அவர் பெயர் வாசிக்கப்பட்டது. மௌனமே விடையாக இருந்தது. சில வாரங்கள் கழித்து ஆசிரியர், 'அந்தப் பையன் வீடு எந்த ஊரில்?' என்று கேட்டார். பதில் சொல்ல ஒருவரும் இல்லை. அவர் நன்றாகப் படிக்கக்கூடியவர், யாரோடும் சண்டையிட்டதில்லை. ஆனால் அவரோடு சேர்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் மூவர் அங்கே இல்லை. அறுபது பேர் கொண்ட வகுப்பில் அவர் இருந்தார். நால்வர் கொண்ட எந்தக் குழுவிலும் அவர் இல்லை. அவர் படிப்பு அத்தோடு நின்றது.

சிறு குழுவின் குறை

இதனால் சிறு குழுவே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் ஆகாது. சிறு குழு தானாக அமையும்போது பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே சாதி என்ற வரம்பிற்குள் அமைந்துவிடுகிறது. மராட்டிய மானிடவியல் அறிஞர் ஐராவதி கார்வே பண்டரிபுரத்திற்குப் பாதயாத்திரை சென்ற அனுபவத்தை எழுதியுள்ளார். அதன் ஆங்கில வடிவம் 1962-இல் வெளிவந்தது. அங்கே யாத்திரிகர்கள் 'திண்டி' என்னும் குழுக்களாக நடக்கின்றனர். பகலெல்லாம் ஒரே பாட்டைப் பாடி ஒரே வழியில் நடந்தவர்கள், உண்ணும் வேளையில் பிராமணர், மராத்தர் என்று பிரிந்து அமர்ந்தனர். அது தம்மை வருத்தியதாக அவர் குறிப்பிடுகிறார்.

நம் நாட்டுக் கோயில் வரிசையில் இன்று பக்கத்துத் தோள் யாருடையது என்று கேட்பாரில்லை. அது தானாக வந்ததன்று. 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சி கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசமும், பின்னர் 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் பெருங்கூட்டத்தின் கதவை எல்லோர்க்கும் திறந்தன. சட்டம் கோயில் கதவைத் திறக்கலாம். நால்வர் அமர்ந்து உண்ணும் இடத்தில் ஐந்தாமவரை அழைக்க அதனால் இயலாது. அங்கே அழைக்க வேண்டியவர்கள் நாமே.

மொழியும் அவ்வாறே. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி அதனுள் இருந்தது. ம.பொ.சி. முதலியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லைக் கோடு மாறினாலும் வீட்டு மொழிகள் மாறவில்லை. நகரி, புத்தூர்ப் பக்கத்து உறவுகளும் அறுபடவில்லை. என் வீட்டில் பாட்டி தெலுங்கிலேயே பேசுவார். நாங்கள் தமிழில் விடை சொல்வோம். பெருங்கூட்டத்தில் 'அரோகரா' என்ற ஒரே சொல் எல்லோர்க்கும் போதும். சிறு குழுவிலோ, மற்றவர்க்குப் புரியாத மொழியில் இருவர் சிரித்தால் மூன்றாமவர் உடனே அயலாராகிவிடுகிறார். அவர் ஒருவருக்காக மொழியை மாற்றிக்கொள்ளும் குழுவே பண்புள்ள குழு. சிற்றினம் சேராமை என்று வள்ளுவர் 46-ஆம் அதிகாரம் வகுத்தது தீயோர் கூட்டுறவைக் கருதியே. எனினும், கதவடைத்துக்கொள்ளும் சிறு குழுவும் நாளடைவில் சிற்றினமாகிவிடக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

இயல்பு வேறுபாடு

எல்லோரும் ஒரே அளவில் கூட்டத்தை விரும்ப வேண்டுமென்று வற்புறுத்துவதும் தவறு. சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் யூங் 1921-இல் வெளியிட்ட நூலில் அகமுக நோக்கினர், புறமுக நோக்கினர் என்ற பாகுபாட்டை விளக்கினார். மக்களுள் பெரும்பாலோர் இவ்விரு முனைகளுக்கும் இடையில் நிற்பவர்களே. குறைவாகப் பேசுபவரை 'ஊமை' என்றும், கூட்டத்தை நாடுபவரை 'அரட்டை' என்றும் முத்திரை குத்துவது அறிவுடைமை அன்று. கூட்டத்தில் சோர்ந்து தனிமையில் தெளிவடைபவர் ஒருவகை. தனிமையில் சோர்ந்து கூட்டத்தில் தெளிவடைபவர் மற்றொருவகை. இருவரும் கல்லூரிக்குத் தேவை.

நாம் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றால் நடைமுறைக்குரிய சில கருத்துகள் தோன்றுகின்றன.

முதலாவதாக, முதலாண்டு வகுப்பு தொடங்கும் வாரத்திலேயே மாணவரை நான்கு அல்லது ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கலாம். சீட்டுக் குலுக்கிப் பிரித்தால் ஊரும் சாதியும் மொழியும் கலந்துவிடும். பருவந்தோறும் மறுபடி குலுக்கினால் குழு கோட்டையாக இறுகாது.

இரண்டாவதாக, கருத்தரங்கக் கட்டுரையை முதலில் அந்நால்வர் முன்னிலையிலும், பின்னர் மூன்று குழுக்கள் சேர்ந்த பன்னிருவர் முன்னிலையிலும், இறுதியில் வகுப்பு முழுவதன் முன்னிலையிலும் படிக்கலாம். மலைக்குப் படி எதற்கோ அதற்கே இதுவும்.

மூன்றாவதாக, வினா எழுப்புவதைக் குழுவின் கடமையாக்கலாம். 'எங்கள் குழுவின் ஐயம்' என்று எழுந்து கேட்பவருக்குத் துணை இருக்கிறது. ஆஷ் கண்ட அந்த ஒரு துணைவரின் பயன் இதில் கிட்டும்.

நான்காவதாக, மூன்று நாள் தொடர்ந்து வராதவரைப் பற்றி அவர் குழுவினரே விசாரித்து ஆசிரியரிடம் கூறலாம். இதற்குப் பணம் தேவையில்லை, அரசாணை தேவையில்லை. ஒரு மாணவரின் படிப்பு இதனால் காப்பாற்றப்படலாம்.

ஐந்தாவதாக, 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் போன்றவற்றின் முகாம்களில் எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணவேண்டும். வேலை சிறு குழுவாக, பந்தி பெருங்கூட்டமாக என்பது நல்ல விதி. வேலையில் யாரும் ஒளிய முடியாது. பந்தியில் யாரும் ஒதுங்க முடியாது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். இத்திருத்தணியில் 1888-இல் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் 1921-இல் மைசூரை விட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் மலரால் அலங்கரித்த வண்டியில் அவரை அமர்த்தி, புகைவண்டி நிலையம் வரை தாங்களே இழுத்துச் சென்றனர். அக்கூட்டத்தை ஒரே நாளில் திரட்டியிருக்க முடியாது. ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே அறிந்து பழகிய நாட்களே அன்று வண்டியை இழுத்தன என்று கருதுகிறேன்.

முடிவுரை

பெருங்கூட்டம் நம்மைப் பெரிய ஒன்றின் பகுதியாக்குகிறது. சிறு குழு நம்மைப் பெயர் சொல்லி அழைக்கிறது. முன்னது இல்லையேல் மனம் குறுகும். பின்னது இல்லையேல் மனிதர் காணாமற்போவார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பதைத் தணிகை மலைப் படிகளில் ஏறும் பஜனைக் குழுக்கள் நூறாண்டுக்கு மேலாக நமக்குக் காட்டி வருகின்றன. அறுபது பேர் கொண்ட நம் வகுப்பறையும் அவ்வாறு அமையுமானால், நாக்குழறும் மாணவர் ஒருநாள் துணிந்து பேசுவார். வராத மாணவரைத் தேடி அவர் ஊருக்கு ஒரு தோழராவது பஸ் ஏறுவார்.